டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 - ஏப்ரல் 28, 1955) தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு தொழில் முனைவோர் ஆவார். தென்னிந்தியாவில் நேரம் தவறாத பேருந்துப் போக்குவரத்துக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். இவரது பெயரின் முன்னெழுத்துகளால் அறியப்படும் டி.வி.எஸ். குழுமம், பேருந்துத் தொழிலில் தொடங்கி, வாகன விற்பனை, பழுதுபார்ப்பு, டயர் புதுப்பித்தல் ஆகியவற்றின் வழியாக வளர்ந்தது. இவரது மறைவுக்குப் பின்னர் அது சக்கரங்கள், தடைக் கருவிகள், மரையாணிகள், டயர்கள், இருசக்கர வாகனங்கள் ஆகியவற்றை உற்பத்தி செய்யும் பல நிறுவனங்களாகக் கிளைத்தது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் 1980 ஆம் ஆண்டு முதல் டி.வி.எஸ். மொபெட்டுகள் உற்பத்தியாகத் தொடங்கியது இவ்வளர்ச்சியின் முக்கியக் கட்டங்களுள் ஒன்று.

பெயர்

இவரது பெயரிலுள்ள முதல் ஆங்கில முன்னெழுத்து சொந்த ஊரான திருக்குறுங்குடியையும், இரண்டாவது எழுத்து தந்தையின் பெயரையும் குறிக்கின்றன. இவ்விரண்டுடன் சுந்தரம் என்பதன் முதலெழுத்தும் சேர்ந்து உருவான டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்து, முதலில் ஒரு மனிதரைக் குறித்தது. பின்னர் மதுரை வட்டாரத்தில் ஒரு பேருந்தைக் குறித்தது. 1980களுக்குப் பிறகு தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பலருக்கும் அது ஒரு மொபெட்டின் பெயராகவே பழகிவிட்டது.

பிறப்பும் இளமையும்

சுந்தரம் அய்யங்கார் 1877 ஆம் ஆண்டு மார்ச் 22 ஆம் நாள், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நாங்குநேரிக்கு அண்மையில் அமைந்துள்ள இவ்வூர், வைணவர்களின் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகும்.

தந்தையின் விருப்பப்படி இவர் வழக்கறிஞராகத் தம் வாழ்க்கையைத் தொடங்கினார். அதன் பின்னர் இருப்புப்பாதைத் துறையிலும், ஒரு வங்கியிலும் பணியாற்றினார். இவை மூன்றும் அக்காலத்தில் படித்த குடும்பங்கள் மதித்த, நிலையான வருவாய் தரும் வேலைகள். சுந்தரம் அய்யங்கார் அவற்றை விட்டு விலகி மோட்டார் வாகனத் தொழிலில் இறங்கியபோது அவரது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அன்று மோட்டார் வண்டி என்பது செல்வந்தர்களின் ஆடம்பரப் பொருளாகவே இருந்தது. அதைப் பொதுமக்கள் கட்டணம் கொடுத்து ஏறிச் செல்லும் ஊர்தியாக்க முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் மிகக் குறைவு.

இவரது மனைவி லட்சுமி அம்மாள். இவர்களுக்கு டி. எஸ். ராஜம், டி. எஸ். துரைசாமி, டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகிய புதல்வர்களும், பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவிய சௌந்தரம் உள்ளிட்ட புதல்வியரும் இருந்தனர்.

பேருந்துத் தொழில்

டி.வி.எஸ். குழுமம் 1911 ஆம் ஆண்டையே தன் தோற்ற ஆண்டாகக் கொள்கிறது. 1912 ஆம் ஆண்டில் சுந்தரம் அய்யங்கார் மதுரையை மையமாகக் கொண்டு பேருந்துப் பணியைத் தொடங்கினார் என அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. புதுக்கோட்டையையும் தஞ்சாவூரையும் இணைத்த வழி அவரது தொடக்க காலப் பேருந்து வழிகளுள் ஒன்றாகும். புதுக்கோட்டை அப்போது தனி சமத்தானமாக இருந்தது. அவ்வூருக்கு இருப்புப்பாதை இன்னும் வந்திருக்கவில்லை. எனவே பயணிகள் மாட்டு வண்டியையோ குதிரை வண்டியையோ நம்பியிருந்தனர். ஒரு நாள் முழுதும் பிடித்த பயணத்தைச் சில மணி நேரமாகக் குறைத்த பேருந்து, அவர்களுக்குப் பெரும் வசதியாக அமைந்தது.

பின்னர் இத்தொழில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பேருந்துகளும் சரக்குந்துகளும் இயங்கின. டி.வி.எஸ். பேருந்துகள் நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்றவை. வழியோர ஊர்களில் பேருந்து வந்து நிற்பதைக் கொண்டே மக்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்து கொண்டனர் என்று இன்றும் மதுரை வட்டாரத்தில் கூறுவர்.

இதே காலப்பகுதியில் தமிழகத்தின் மேற்குப் பகுதியில் ஜி. டி. நாயுடு 1920 ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் தொழில் தொடங்கினார். இவ்விருவரின் முயற்சிகளும் சென்னை மாகாணத்தின் உள்நாட்டுப் பகுதிகளில் பேருந்துப் போக்குவரத்து பரவுவதற்கு வழிவகுத்தன.

சாலைகளும் டயர்களும்

பேருந்து நேரத்துக்குச் செல்ல வேண்டுமானால் அதன் சக்கரங்கள் வழியில் நின்றுவிடாமல் இருக்க வேண்டும். 1910களில் இது எளிதான செயலன்று. காற்றடைத்த டயரை ஜான் பாய்ட் டன்லப் 1888 ஆம் ஆண்டில் உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் டயர் ஆலை எதுவும் அப்போது இல்லை. டன்லப் நிறுவனம் வங்காளத்தின் சாகாகஞ்சில் தன் ஆலையை 1936 ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதுவரை பேருந்துக்குத் தேவையான டயரும் டியூபும் கடல் கடந்தே வர வேண்டியிருந்தது. ஒரு டயர் கெட்டுப்போவது என்பது ஒரு நாள் வருவாயை இழப்பது மட்டுமன்று. புதிய டயர் வந்து சேரும்வரை வண்டியே நின்றுவிடும் நிலையும் ஏற்பட்டது.

சாலைகள் பெரும்பாலும் கப்பியும் சரளையும் பரப்பியவை. இரும்புப் பட்டை பொருத்திய மாட்டு வண்டிச் சக்கரங்கள் அவற்றில் ஆழமான தடங்களை உண்டாக்கின. அதைவிடப் பெரிய தொல்லை லாட ஆணிகள். வண்டி மாடுகளின் குளம்பில் அடிக்கப்பட்ட லாடங்களிலிருந்து தேய்ந்து கழன்ற ஆணிகள் சாலை முழுதும் சிதறிக் கிடந்தன. அவை டயரைத் துளைத்து அடிக்கடி பஞ்சர் உண்டாக்கின.

இதற்குச் சுந்தரம் அய்யங்கார் கண்ட தீர்வு அவரது வாழ்க்கை வரலாற்றில் பெரிதும் பேசப்படுவதாகும். காந்தம் பொருத்திய ஒரு சாலைத் துப்புரவு வண்டியை அவர் ஏற்பாடு செய்தார். பேருந்து செல்லும் வழியில் இவ்வண்டி ஓட்டப்பட்டு, மண்ணில் கிடந்த ஆணிகளைக் காந்தம் ஈர்த்து எடுத்தது. பஞ்சரான பின்பு ஒட்டுப் போடுவதற்கு மாறாக, பஞ்சருக்கான காரணத்தையே சாலையிலிருந்து நீக்கிய செயல் இது. பேருந்துடன் மாட்டு வண்டிக்காரர்களும் ஒரே சாலையைப் பயன்படுத்திய நிலையில், அவர்களுடன் பிணக்கின்றி இச்சிக்கல் தீர்க்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

சக்கர அதிர்வும் டயர் உராய்வும்

ஆணி நீங்கினாலும் டயர் தேய்வதற்கு வேறு காரணங்கள் இருந்தன. பேருந்துத் தொழிலை நடத்தியவர்கள் அனைவரும் எதிர்கொண்ட இச்சிக்கல்களை அறிந்தால்தான், பழுதுபார்க்கும் பட்டறை ஏன் அத்தொழிலின் மையமாக அமைந்தது என்பது விளங்கும்.

அன்றைய பேருந்துகளின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் பொருத்தப்பட்டிருந்தன. சக்கரம் திரும்புவதற்கு உதவும் கிங்பின் தேய்ந்து தளர்ந்துவிட்டால், பள்ளத்தில் இறங்கி ஏறியவுடன் சக்கரங்கள் இடமும் வலமுமாக உதறத் தொடங்கும். ஓட்டுநரின் கையிலுள்ள திசைமாற்றி வளையமும் அதிரும். தேய்ந்த கிங்பின்னையும் அதன் புஷ்ஷையும் மாற்றுவதே இதற்கான வழி.

முன்சக்கரங்கள் இரண்டும் ஏறத்தாழ இணையாக அமைய வேண்டும். அவற்றின் முன்விளிம்புகள் அளவுக்கு மீறி உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருந்தால், டயர் உருள்வதோடு சாலையில் பக்கவாட்டாகவும் இழுபடும். அப்போது டயரின் ஒரு விளிம்பு மட்டும் விரைவில் தேயும். இன்று வீல் அலைன்மென்ட் எனப்படும் வேலை இக்கோணங்களைச் சரிசெய்வதே ஆகும்.

பேருந்தின் பின்பக்கத்தில் இரட்டைச் சக்கரங்கள் உள்ளன. இரண்டு டயர்களுள் ஒன்றில் காற்று குறைந்தால் அதன் பக்கச் சுவர் பிதுங்கி, அருகிலுள்ள டயருடன் உராயும். உராய்வினால் சூடேறி இரண்டுமே வீணாகும். இரண்டின் விட்டமும் ஒன்றாக இருப்பதும் இன்றியமையாதது. ஒரே அச்சில் இறுகப் பிணைந்திருப்பதால் இரண்டு டயர்களும் ஒரே எண்ணிக்கையில் சுழல வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள டயருக்குப் பக்கத்தில் அதைவிட ஒரு சென்டிமீட்டர் சிறிய டயரைப் பொருத்தினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அவற்றின் உருளும் தொலைவில் ஏறத்தாழ 10 மீட்டர் வேறுபாடு உண்டாகும். அவ்வேறுபாடு முழுதும் டயர் இழுபட்டுத் தேய்வதாகவே முடியும். எனவே புதிய டயரையும் தேய்ந்த டயரையும் இணையாக மாட்டக்கூடாது என்பது பேருந்துப் பட்டறைகளின் பழைய விதிகளுள் ஒன்று.

அதிகச் சுமை ஏற்றுவதாலோ, வில்பட்டை முறிவதாலோ வண்டியின் உடல் கீழிறங்கும். அப்போது டயர் மட்கார்டில் உராயும். தயாரிப்பாளர் குறித்த அளவைவிடப் பெரிய டயரைப் பொருத்தினாலும் இதே நிலை ஏற்படும். மகிழுந்துகளில் இன்று காணப்படும் டயர் உராய்வுக்கும் பெரும்பாலும் இவையே காரணங்களாகும்.

வேகம் மிகுந்த பிற்கால வண்டிகளில் மற்றொரு சிக்கல் முதன்மை பெற்றது. சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாகப் பரவாவிட்டால், கனமான பகுதி ஒவ்வொரு சுழற்சியிலும் சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும். இவ்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். ஒரு மகிழுந்தின் சக்கர விளிம்பில் 30 கிராம் மட்டும் கூடுதலாக இருப்பதாகக் கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 3 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையாகிறது. சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு முறை சுழல்வதால் அவ்விசை நொடிக்குப் பன்னிரண்டு முறை மேலும் கீழும் அசைக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் விசை நான்கில் ஒரு பங்காகிவிடுவதால் ஓட்டுநர் அதை உணர்வதில்லை. எதிர்ப்பக்கத்தில் சிறிய எடைத் துண்டைப் பொருத்திச் சமன் செய்வதே வீல் பேலன்சிங் எனப்படுகிறது. மெதுவான வேகத்திலேயே அதிர்வு தெரிந்தால் ரிம் வளைந்திருப்பதையோ, டயரின் உள்ளடுக்கு பிரிந்திருப்பதையோ ஐயுற வேண்டும். அவற்றை எடைத் துண்டால் சரிசெய்ய இயலாது. தடையை அழுத்தும்போது மட்டும் அதிர்வு வந்தால் தடைத் தட்டையோ தடை உருளையையோ ஆராய வேண்டும்.

வாகன விற்பனையும் பட்டறையும்

பேருந்து நடத்துவதற்கு வண்டிகள் வேண்டும். வண்டிகளுக்கு உதிரிப் பாகங்கள் வேண்டும். அவற்றைப் பொருத்தத் தேர்ந்த தொழிலாளர்கள் வேண்டும். சுந்தரம் அய்யங்காரின் தொழில் இவ்வரிசையிலேயே விரிவடைந்தது. அவரது நிறுவனம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த வாகனங்களை விற்பனை செய்தது. சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் ஆகிய நிறுவனங்கள் உருவாயின. 1950களில் சுந்தரம் மோட்டார்ஸ், ஜெனரல் மோட்டார்சின் மிகப் பெரிய விநியோகத்தர்களுள் ஒன்றாக விளங்கியது.

விற்ற வண்டியைத் தொடர்ந்து பழுதுபார்த்துத் தருவது அன்றைய இந்தியச் சூழலில் விற்பனையைவிடக் கடினமானது. பாகங்கள் கப்பலில் வந்தன. ஒரு சிறு பாகம் இல்லாததால் ஒரு வண்டி வாரக்கணக்கில் நிற்கக்கூடும். பாகங்களைக் கையிருப்பில் வைத்தல், தேய்வை முன்னரே கண்டறிந்து மாற்றுதல் ஆகியவை இத்தொழிலின் அன்றாடக் கடமைகளாயின. பேருந்தைத் தாமே நடத்தியதால், எந்தப் பாகம் எப்போது கெடும் என்பதை நேரடியாக அறியும் வாய்ப்பு இந்நிறுவனத்துக்கு இருந்தது. பின்னாளில் உதிரிப் பாகங்களை உற்பத்தி செய்யும் தொழிலில் இக்குழுமம் இறங்கியபோது இவ்வறிவு பயன்பட்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலம்

1941 ஆம் ஆண்டின் இறுதியில் சப்பான் போரில் இறங்கியது. அடுத்த சில மாதங்களில் மலேயா, சிங்கப்பூர், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், பர்மா ஆகியவை அதன் கைக்குச் சென்றன. இந்த இழப்பு இந்தியப் போக்குவரத்தை இரு வழிகளில் தாக்கியது. உலகின் இயற்கை இரப்பரில் பெரும்பகுதி மலேயாவிலும் கிழக்கிந்தியத் தீவுகளிலும் விளைந்தது. பர்மா இந்தியாவுக்கு எண்ணெய் வழங்கிய நாடு. எனவே டயருக்கும் பெட்ரோலுக்கும் ஒரே நேரத்தில் பஞ்சம் ஏற்பட்டது. கிடைத்தவற்றில் பெரும்பங்கு இராணுவத்துக்கே ஒதுக்கப்பட்டது. பேருந்துகள் நின்றுபோகும் நிலை உருவானது.

பெட்ரோல் பற்றாக்குறையை ஈடுசெய்யச் சுந்தரம் அய்யங்கார் டி.வி.எஸ். கரிவாயுக் கலனை வடிவமைத்து உற்பத்தி செய்தார். வண்டியில் பொருத்தப்படும் இவ்வகைக் கலனில் மரக்கரி குறைந்த காற்றில் எரிக்கப்படும். அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு, குளிர்விக்கப்பட்டு வடிகட்டப்பட்டு இயந்திரத்துக்குச் செலுத்தப்படும். பெட்ரோலில் ஓடும்போது கிடைக்கும் ஆற்றல் இதில் கிடைக்காது. மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். புறப்படுவதற்கு முன்பே கலனை மூட்டிக் காத்திருக்க வேண்டும். எனினும் கரி உள்ளூரில் கிடைத்ததால் வண்டிகள் ஓடின.

டயர்ப் பஞ்சத்துக்கு விடையாக இவர் டயர் புதுப்பிக்கும் தொழிற்சாலையைத் தொடங்கினார். ரீட்ரெடிங் எனப்படும் இம்முறையில், தேய்ந்த டயரின் எஞ்சிய மேற்பட்டை முதலில் சீராகச் சுரண்டி எடுக்கப்படுகிறது. அதன் மேல் புதிய இரப்பர்ப் பட்டை ஒட்டப்படுகிறது. பின்னர் அச்சில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுக்கும்போது, இரப்பரில் கலந்துள்ள கந்தகம் அதன் மூலக்கூறுகளைப் பிணைத்து உறுதியாக்குகிறது. டயரின் உள்ளுடல் நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே இது பயன் தரும். காற்றுக் குறைந்த நிலையில் ஓட்டியதாலோ, உராய்ந்து சூடேறியதாலோ உள்ளிழைகள் அறுந்த டயரைப் புதுப்பிக்க இயலாது. புதிய பட்டை எங்கும் ஒரே தடிமனில் அமையாவிட்டால் சக்கரம் அதிரும். ஆகவே டயரை நன்கு பேணுதலும் அதைப் புதுப்பித்தலும் ஒன்றையொன்று சார்ந்த வேலைகளாயின. புதிய டயர் கிடைக்காத காலத்தில், ஒரே டயரை இரண்டாம் முறை பயன்படுத்த முடிந்தது பேருந்துத் தொழில் பிழைத்திருக்க உதவியது.

குடும்பமும் சமூகமும்

சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம் 1904 ஆம் ஆண்டு பிறந்தவர். அக்கால வழக்கப்படி அவருக்கு இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. மருத்துவரான அவரது கணவர் பிளேக் நோய் பரவிய காலத்தில் அந்நோய்க்குப் பலியானார். இளம் கைம்பெண்கள் வீட்டுக்குள் முடங்கி வாழ வேண்டும் என்ற கட்டுப்பாடு வலுவாக இருந்த காலம் அது. ஆனால் சௌந்தரம் மீண்டும் கல்வி பெற்றார். தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கு அவருக்குச் சுசீலா நய்யார் வழியாகக் காந்தியின் அறிமுகம் கிடைத்தது.

1940 ஆம் ஆண்டில் அவர் கேரளத்தைச் சேர்ந்த காந்தியவாதியான ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். காந்தியின் முன்னிலையில் நடந்த இத்திருமணம் கைம்பெண் மறுமணமாகவும் சாதி கடந்த திருமணமாகவும் அமைந்தது. இவ்விணையர் 1947 ஆம் ஆண்டில் திண்டுக்கல்லுக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினர். டாக்டர் சௌந்தரம் பின்னர் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962 முதல் மக்களவை உறுப்பினராகவும், நடுவண் அரசின் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். 1984 ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஓய்வும் மறைவும்

சுந்தரம் அய்யங்கார் தம் பிள்ளைகளிடம் தொழிற் பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு முன்னதாகவே ஓய்வு பெற்றார். துரைசாமி முன்னரே மறைந்துவிட்டதால் ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய நால்வரும் தொழிலை நடத்தினர். சந்தானம் 1954 ஆம் ஆண்டில் சுந்தரம் பைனான்சு நிறுவனத்தைத் தொடங்கினார். சரக்குந்து வாங்க விரும்பியவர்களுக்குத் தவணை முறையில் கடன் வழங்கிய அந்நிறுவனம், ஓட்டுநர்கள் பலர் வண்டி உரிமையாளர்களாக மாற வழி செய்தது.

1955 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் நாள் கொடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

அவர் மறைந்த காலம் அவரது தொழிலுக்கு ஒரு திருப்புமுனையாகும். அயல்நாட்டு வாகனங்களை வெறுமனே பூட்டி விற்பதை இந்திய அரசு 1953 ஆம் ஆண்டு முதல் கட்டுப்படுத்தியது. உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்ய முன்வராத நிறுவனங்கள் வெளியேற நேர்ந்தது. ஜெனரல் மோட்டார்சும் 1950களின் நடுப்பகுதியில் இந்தியாவில் வாகனம் பூட்டுவதை நிறுத்தியது. ஆகவே குழுமத்தின் பெரும் விற்பனைத் தொழில் அடித்தளத்தை இழந்தது. மறுபுறம், இந்தியாவில் தொடங்கப்பட்ட வாகன ஆலைகளுக்கு உள்நாட்டுப் பாகங்கள் தேவைப்பட்டன.

உற்பத்தித் தொழில்

புதல்வர்கள் இத்தேவையை ஏற்று உற்பத்தியில் இறங்கினர். 1960களில் சென்னையின் பாடிப் பகுதியில் அடுத்தடுத்துப் பல ஆலைகள் எழுந்தன. அவற்றுள் சில:

வீல்ஸ் இந்தியா - மகிழுந்து, சரக்குந்து, உழுவுந்து ஆகியவற்றுக்கான எஃகுச் சக்கரங்கள்

பிரேக்ஸ் இந்தியா - தடைக் கருவிகள்

சுந்தரம் கிளேட்டன் - சரக்குந்து, பேருந்துகளுக்கான காற்றுத் தடைக் கருவிகள்

லூகாஸ் டி.வி.எஸ். - வாகன மின்கருவிகள்

சுந்தரம் பாசனர்ஸ் - மரையாணிகள்

மதுரைக்கு அருகிலுள்ள வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். சீசக்ரா நிறுவனம் 1980களில் இருசக்கர வாகன டயர்களின் உற்பத்தியைத் தொடங்கியது. டயரைக் காப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் பாடுபட்ட ஒரு தொழில், ரிம், தடை, மரை, டயர் எனச் சக்கரத்தின் ஒவ்வொரு பகுதியையும் தானே செய்யும் நிலையை இவ்வாறு எட்டியது.

ஆனால் இவை அனைத்துக்கும் மூலமான பேருந்துத் தொழில் குடும்பத்தின் கையில் நிலைக்கவில்லை. 1972 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பேருந்து வழித்தடங்களை நாட்டுடைமையாக்கியபோது, மதுரை வட்டார டி.வி.எஸ். பேருந்துகள் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குச் சென்றன.

ஓசூரில் டி.வி.எஸ்.

சுந்தரம் அய்யங்கார் வாழ்ந்த காலத்தில் ஓசூர், சேலம் மாவட்டத்தின் வடகோடியில், மைசூர் சமத்தானத்தின் எல்லையை ஒட்டி இருந்த ஒரு சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1965 ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. 2004 ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்விடத்தில், 1970களில் சிப்காட் நிறுவனம் தொழில் வளாகத்தை அமைத்தது. பின்தங்கிய பகுதியைத் தொழில்மயமாக்குவதே அதன் நோக்கம்.

சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் மொபெட் ஆலை ஓசூரில் அமைந்தது. அங்கிருந்து 1980 ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இது இருவர் அமர்ந்து செல்லக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் ஆகும். பால் குடங்களும் துணி மூட்டைகளும் காய்கறிக் கூடைகளும் ஏற்றிச் சென்ற சிறு வணிகர்களிடையே அது விரைவில் பரவியது. அதே 1980 ஆம் ஆண்டளவில் அசோக் லேலண்டும் ஓசூரில் சரக்குந்து உற்பத்தியைத் தொடங்கியது.

சப்பானின் சுசுகி நிறுவனத்துடன் இணைந்து 1984 ஆம் ஆண்டு முதல் விசையுந்துகள் உற்பத்தி செய்யப்பட்டன. இக்கூட்டு 2001 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. பின்னர் நிறுவனம் டி.வி.எஸ். மோட்டார் என்ற பெயரில் தனித்து இயங்கியது. 2002 ஆம் ஆண்டில் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசைப் பெற்றது. செருமனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துடன் 2013 ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அந்நிறுவனத்தின் 310 சிசி விசையுந்துகளும் ஓசூரில் தயாராயின. 2020 ஆம் ஆண்டில் மின்சாரத்தில் இயங்கும் ஸ்கூட்டர் அறிமுகமானது.

இவ்வாலைகளைச் சுற்றி வார்ப்பு, கடைசல், மரை வெட்டுதல் போன்ற வேலைகளைச் செய்யும் எண்ணற்ற சிறு பட்டறைகள் ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தோன்றின. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறிச் செல்லும் நெடுஞ்சாலை, சரக்குந்துகள் மிகுந்த சாலைகளுள் ஒன்று. அதன் ஓரங்களில் பஞ்சர் ஒட்டுதல், ரீட்ரெடிங், வீல் அலைன்மென்ட், ரிம் கோட்டம் எடுத்தல் ஆகிய வேலைகளைச் செய்யும் கடைகள் உள்ளன. இரும்புத் தடங்களும் லாட ஆணிகளும் மறைந்துவிட்டன. எனினும் காற்றழுத்தம், கோணம், சமன்பாடு ஆகிய மூன்றையும் கவனித்தால் டயர் நீடிக்கும் என்ற அடிப்படை மாறவில்லை.

நினைவு

மதுரையில் டி.வி.எஸ். நகர் என்ற குடியிருப்புப் பகுதி இவரது பெயரை நினைவூட்டுகிறது. குடும்பக் கிளைகளுக்கு இடையே 2020 ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, குழும நிறுவனங்களின் உடைமை 2022 ஆம் ஆண்டில் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டது. எனினும் அவற்றுள் பல, இன்றும் சுந்தரம் என்ற பெயரையோ டி.வி.எஸ். என்ற முன்னெழுத்துகளையோ தாங்கி நிற்கின்றன.

கன்னியாகுமரியிலிருந்து வடக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, திருக்குறுங்குடிக்கு அண்மையிலுள்ள நாங்குநேரியையும், சுந்தரம் அய்யங்கார் தொழில் வளர்த்த மதுரையையும், கிருஷ்ணகிரியையும், ஓசூரையும் ஒரே வழியில் இணைக்கிறது.